ரசமட்டத்தின் இடது கால்

என் மருமகன் வெறும் கண்ணால் பார்த்தே ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று அரை விரல் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தவர். பொறியாளர்கள் கருவிகளோடு வந்து இரண்டு நாள் அளந்தார்கள்; கடைசியில் அவர் காலில் விழாத குறையாக ஒப்புக்கொண்டு போனார்கள். இதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. பொறியாளர்கள் யாரும் வரவில்லை. கட்டடமும் இல்லை, எங்கள் கூடத்தில் மாட்டியிருந்த நாட்காட்டிதான். ஆனால் அரை விரல் என்பது சத்தியம். நானே அளந்தேன்.

அந்தக் கண்ணுக்காகத்தான் கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு ரசமட்டம் என்று பேர் வைத்தார்கள். சுவர் சமமாக வருகிறதா என்று பார்க்கக் கொத்தனார் ஒரு கட்டை வைத்திருப்பாரே, நடுவில் கண்ணாடிக் குழலில் குமிழி ஓடுமே, அதன் பெயர் அது. மருமகனுடைய தொழில் பெயிண்ட் அடிப்பது. சுவரில் பெயிண்ட் அடிக்க யாராலும் முடியும். கூரையின் வெள்ளையும் சுவரின் நிறமும் சந்திக்கிற விளிம்பில், ஒட்டுத்தாள் எதுவும் ஒட்டாமல், வெறும் பிரஷ்ஷால் நூல் பிடித்தாற்போல் கோடு இழுக்க ஆயிரத்தில் ஒருவரால்தான் முடியும். சரி, நூற்றில் ஒருவர்.

ஜோடி வேலை. மருமகன் மேலே, என் மகன் கீழே. மகனுக்கு நாற்பது வயது. தொந்தி உண்டு, உயரம் என்றால் பயமும் உண்டு. நாற்காலியில் ஏறி பல்பு மாற்றுவதற்குள் வேர்த்துவிடும். விரிசலில் பட்டி பூசுவது, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பது, கைக்கு எட்டும் சுவர், கதவு, சன்னல் எல்லாம் அவன் பங்கு. கைக்கு எட்டாதது எல்லாம் அத்தான் பங்கு. பதினாறு வருடமாக அப்படியே ஓடியது.

இந்தத் தொழிலில் ஏணியை நடத்துவது என்று ஒரு வித்தை இருக்கிறது. மடக்கு ஏணியின் உச்சியில் பக்கத்துக்கு ஒரு காலாகப் போட்டு நின்றுகொண்டு இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் ஏணியின் ஒரு பக்கம் முன்னே வரும். அடுத்த வெட்டுக்கு அடுத்த பக்கம் வரும். இப்படியே இறங்காமல் சுவர் நெடுக நடந்துகொண்டே கோடு இழுக்கலாம். செய்யாதே என்று ஏணியிலேயே அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். முதல் நாளே அந்த எச்சரிக்கையின் மேல் பெயிண்ட் தெறித்து எழுத்து மறைந்துவிடும். மருமகன் ஏணியை நடத்தினால் அதற்கு உயிர் வந்துவிட்டதோ என்று தோன்றும்.

அதனால் மேலேயிருந்து விழுந்திருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை. கடைசிப் படியில் விழுந்தார். ஒரு வீட்டுக் கூடத்தில் கோட்டை முடித்துவிட்டு, தான் இழுத்ததைத் தானே ரசித்தபடி இறங்கியிருக்கிறார். இன்னும் ஒரு படி இருந்தது. தரை வந்துவிட்டது என்று இடது காலை வீசி வைத்தார். அது பெயிண்ட் டப்பா மூடியின் விளிம்பில் பட்டு, பாதம் உள்பக்கமாகத் திரும்பி மடங்கியது. காய்ந்த குச்சி ஒடிந்த மாதிரி சத்தம் கேட்டது என்கிறான் என் மகன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் யானை இறங்கும்போது சுவரை ரசிக்காது.

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற ஜவ்வு இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. அதே கால் முன்பே மூன்று முறை பிசகி, எண்ணெய் தேய்த்து விட்ட கால். இந்தத் தடவை எண்ணெய்க்கு அடங்கவில்லை. அறுவை செய்து ஜவ்வை எலும்போடு தைத்தார்கள். முதலில் ஆறு வாரம் மாவுக்கட்டு, பிறகு முழங்கால் வரை ஒரு பூட்ஸ். கட்டைப் பிரித்த அன்று இடது கெண்டைக்கால் வலதில் பாதிதான் இருந்தது. வலி இல்லை. தழும்பு நேராக இருந்தது. அதை அவரே பாராட்டினார்.

அடுத்த வாரம் ஏணி ஏறிவிடலாம் என்ற கணக்கில்தான் இயன்முறை மருத்துவரிடம் போனார். எல்லோரும் பிசியோ என்று கூப்பிடுகிற அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவளுடைய அறையில் நீலப் பஞ்சு மெத்தைகள், ஒரு கைப்பிடிக் கம்பி, ஆடும் பலகை ஒன்று, சுவரில் ஒரு கடிகாரம். துணைக்கு நான் போயிருந்தேன். அவள் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலையும் பாதத்தையும் மெல்ல அசைத்தாள்.

"இப்ப பாதம் மேல போகுதா, கீழ போகுதா?"

"மேல."

கீழே போய்க்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன், அவள் என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

"இப்ப?"

"உள்பக்கமா திருப்பறீங்க."

அவள் தொடவே இல்லை. பத்தில் ஆறு தப்பு. வலது காலில் பத்துக்குப் பத்து. கண்ணைத் திறந்ததும் இடது பாதத்தை அவர் பார்த்த பார்வை, கூடப் பிறந்தவனே பொய்ச்சாட்சி சொன்னால் பார்க்கிற பார்வை.

"ஜவ்வுன்னா வெறும் கயிறு இல்லைங்க," என்றாள் பிசியோ. "கால் எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்குச் சேதி அனுப்பற நரம்பு நுனியெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. கயிறைத் தைச்சாச்சு. சேதி இன்னும் சரியா போகல. அதைப் பழக்கணும்."

"எனக்குக் கால் தேவையில்லீங்க, கண்ணு இருக்கு," என்றார் மருமகன்.

"அப்படியா? இடது கால்ல மட்டும் நில்லுங்க."

நின்றார். கதவு நிலையின் செங்குத்து ஓரத்தில் பார்வையைப் பதித்துச் சிலை மாதிரி நின்றார். அரை நிமிடம் ஆயிற்று. என்னைப் பார்த்துப் புருவத்தைக்கூட உயர்த்தினார்.

"இப்ப கண்ணை மூடுங்க."

மூடினார். நான்கு விநாடி. கைப்பிடிக் கம்பி இருந்ததால் விழவில்லை. கால் செய்ய வேண்டிய வேலையை இத்தனை நேரமும் கண் செய்துகொண்டிருந்தது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. வேறு தொழில்காரருக்கு இது பெரிய விஷயமில்லை. கூரையில் வேலை செய்கிறவன் தலையை அண்ணாந்தால் எதிரே இருப்பது மொட்டை வெள்ளை. கண் பிடித்துக்கொள்ள ஒரு ஓரமும் கிடையாது.

கண்ணை மூடி இடது காலில் முப்பது விநாடி, தொடர்ந்து மூன்று தடவை. அதற்குப் பிறகு ஏணியைப் பற்றிப் பேசலாம் என்றாள் பிசியோ. அதை என் மகள் வீட்டுச் சட்டமாக்கினாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க மாத்திரை எண்ணிக் கவரில் போடுகிறவள். அவள் சொன்னால் முப்பது என்பது இருபத்தொன்பதும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை.

பயிற்சி சமையலறையில் நடந்தது. கழுவும் தொட்டியின் விளிம்பு கைக்கு எட்டும், விழுந்தாலும் விழ இடமில்லை. காலையில் பல் தேய்க்கும்போது ஒற்றைக்கால். தேநீர் கொதிக்கும்வரை ஒற்றைக்கால். மடித்த போர்வை மேல் ஒற்றைக்கால். தரையில் கைக்குட்டையைப் போட்டு விரலால் சுருட்டி இழுப்பது. ஆறாம் விநாடியில் கணு நடுங்கத் தொடங்கும், எட்டில் கை தொட்டிக்குப் போய்விடும். கண்ணை மூடுகிறேன் என்று சொல்லி இமைக்குக் கீழே ஒரு கீற்று திறந்து அலமாரியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அதைக் கண்டுபிடித்து என் மகள் துண்டால் கண்ணைக் கட்டினாள். மறுபடி நான்கு விநாடி.

"கண்ணாமூச்சி ஆட்டமாக்கா?" என்று கேட்டான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மகன்.

"நீ வேணா ஒரு கால்ல நில்லு பாப்போம்."

"எனக்கு ரெண்டு கால்லயே சந்தேகம்."

பகலில் மகள் கடைக்குப் போய்விடுவாள். அப்போது எண்ணுகிற வேலை எனக்கு. நான் எப்போதும் கொஞ்சம் தாராளமாக எண்ணுகிறவள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து ஒரு மனிதர் நிற்கும்போது கடிகாரத்தைப் போல ஈவிரக்கமில்லாமல் எண்ண எனக்கு வரவில்லை. பன்னிரண்டு பதினைந்தாயிற்று, பதினைந்து இருபதாயிற்று. அறுவை முடிந்த பதினாறாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று தடவை முப்பது என்று அறிவித்தேன். அவர் துண்டை அவிழ்த்து என்னைப் பார்த்தார். பிசியோவிடம் சொல்லிக்கொள்ளாமல் மறுநாளே வேலைக்குப் போனார்.

வேலை நடந்த இடம் நூலகத்தின் வாசிப்பு அறை. முழுக்க மூடமுடியாது என்று நூலகர் அம்மா சொல்லிவிட்டதால் பாதி அறையில் மேசைகளும் படிக்கிறவர்களும், பாதி அறையில் ஏணியும் விரித்த பழைய துணியும். கீழ்ச் சுவரெல்லாம் மகன் முடித்திருந்தான். மேலுக்கு ஒரு கூலி ஆளை வைத்து ஒரு சுவருக்குக் கோடு இழுத்திருந்தான். அந்தக் கோடு மழைக்கால ஓடை மாதிரி வளைந்து ஓடியது. அதைப் பார்த்த பிறகு மருமகனை யாராலும் கீழே நிறுத்தியிருக்க முடியாது.

நடந்ததை இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறேன். ஏழாம் படியில் நின்று பத்து நிமிடம் நன்றாகவே வேலை செய்தார். சுவரைப் பார்த்தவரை ஒன்றுமில்லை. விளிம்புக்காகத் தலையை நன்றாக அண்ணாந்தபோது இடது கால் படியில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நழுவ ஆரம்பித்தது. அவருக்குத் தெரியவில்லை. கால் படியில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் மடங்கிய பிறகுதான் கால் காற்றில் இருப்பது தெரிந்தது. முழங்கையை ஏணியில் மாட்டித் தொங்கினார். பெயிண்ட் வாளி நேராக என் மகன் தலையில் இறங்கியது.

"தயவுசெஞ்சு சத்தம் போடாதீங்க," என்றார் நூலகர் அம்மா, பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல்.

என் மகன் வெள்ளை வழியும் முகத்தோடு ஏணியில் ஏறி அத்தானை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இறக்கினான். நான்கு படி ஏறியிருக்கிறான். அவன் வாழ்க்கையில் அதுதான் அதிக உயரம். இறங்கின பிறகுதான் அது அவனுக்கே தெரிந்து, தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான், நான் சுவர் இல்ல," என்றானாம்.

"தெரியுது மச்சான். சுவர் உளறாது."

அன்று சாயங்காலம் கணு வீங்கி இருந்தது. பிசியோ வந்து அழுத்திப் பார்த்தாள். தையல் விட்டுப்போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை. மகள் ஐஸ் பையைக் காலில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"முப்பது நின்னாருன்னு யாரு எண்ணினது?"

"நான்தான்."

"இப்ப எண்ணுங்க."

கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டாள். நான் ஒன்று, இரண்டு என்று முப்பது வரை எண்ணினேன். திரையை என் முகத்துக்கு நேரே காட்டினாள். பதினேழு விநாடி.

"முப்பது மாத்திரைக்குப் பதினேழு போட்டுக் கொடுத்தா அந்த நோயாளி என்னம்மா ஆவான்?"

"எனக்கு எப்பவுமே கொஞ்சம் வேகம்டி. கதை சொல்ற வாயி."

"இது கதை இல்ல, கணுக்கால்."

எழுபத்து மூன்று வயதில் திட்டு வாங்கிக்கொண்டு, தரையில் சொட்டிய ஐஸ் தண்ணீரைத் துடைக்கக் குனிந்தேன். மருமகன்தான் பேசினார்.

"அத்தைய விடு. முப்பது ஆகலன்னு எனக்கும் தெரியும். நின்னவனுக்குத் தெரியாதா? யாராவது முப்பதுன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. அத்தை சொன்னாங்க, வாங்கிக்கிட்டேன்." ஐஸ் பையை எடுத்துக் கீழே வைத்தார். "இனிமே மேல வேலை வேண்டாம். அந்தக் கூலி ஆளையே மேல வச்சுக்கலாம். நான் மச்சான்கூடக் கீழ தேய்க்கறேன்."

"அந்தாளு கோட்ட வச்சுக்கிட்டா?" என்றான் மகன்.

"ஆமா."

இதைச் சொன்னது ரசமட்டம். அலமாரியில் கரண்டி கோணலாகத் தொங்கினால் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்த் திருத்துகிற மனிதர். மகன் காதிலிருந்த பெயிண்ட்டைச் சுரண்டப் போய்விட்டான்.

ஐந்து நாள் பயிற்சி இல்லை. வீட்டில் அவர் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. ஆடுகிற சாமானையெல்லாம் சரிசெய்தார். சாப்பாட்டு மேசைக்கு ஒரு காலின் கீழ் அட்டை வைத்தார். நாற்காலி இரண்டின் கால்களை ராவினார். ஆறாம் நாள் முக்காலியில் உட்கார்ந்து நாற்காலியின் கால் ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று நிறுத்திவிட்டார்.

"அத்தை, முக்காலி என்னிக்காவது ஆடிப் பாத்திருக்கீங்களா?"

"இல்லையே."

"ஆடாது. தரை எவ்வளவு மேடு பள்ளமா இருந்தாலும் மூணு கால் மூணு இடத்துல உக்காந்துடும். நாலாவது கால்தான் சண்டை போடும்." தன் இடது பாதத்தைப் பார்த்தார். "பெருவிரலுக்கு அடி, சுண்டுவிரலுக்கு அடி, குதிகால். அந்தப் பொண்ணு நூறு தடவ சொல்லிச்சு, இந்த மூணுலயும் எடையைக் கவனிங்கன்னு. நான் கதவைக் கவனிச்சுக்கிட்டிருந்தேன்."

அன்றிலிருந்து எண்ணுகிற வேலை என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. மகள் கடையிலிருந்து வந்து கை கழுவியதும் பயிற்சி. அவள் எண்ணுவது கேட்க நன்றாக இருக்காது. ஒரே சுருதி, ஒரே இடைவெளி, உற்சாகம் கிடையாது. முதல் நாள் ஏழு. அடுத்த நாள் ஆறு. "ஏழுன்னு வச்சுக்கயேன்," என்றேன். "ஆறு," என்றாள். ஒன்பது, பதினொன்று, பதினொன்று, எட்டு, பதினான்கு. பதினான்கில் ஒரு வாரம் நின்றது. வெறுங்காலோடு சமையலறைத் தரையின் குளிர்ச்சி எந்தப் புள்ளியில் அதிகம் தெரிகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே நிற்பார். முதலில் குதிகால் மட்டும் தெரிந்தது. பிறகு பெருவிரல். சுண்டுவிரல் பக்கம் கடைசிவரை ஊமையாக இருந்தது.

ஒரு மாலை, கண்ணில் துண்டோடு நின்றபடி, "வெளிய சாயுது," என்றார்.

நான் காலைப் பார்த்தேன். சாயவில்லை. மகளும் குனிந்து பார்த்தாள். எண்ணுவதை நிறுத்தவில்லை, ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியது. அடுத்த நொடி கணு வெளிப்பக்கம் மெல்லச் சாயத் தொடங்கியது. தொட்டிக்குக் கை போகவில்லை. சுண்டுவிரல் தரையை அழுத்தியது, கணு திரும்பி நடுவுக்கு வந்தது. எங்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அவர் காலுக்குத் தெரிந்துவிட்டது.

"இருபத்திரண்டு, இருபத்துமூணு," என்று போய்க்கொண்டிருந்தாள் மகள். இருபத்தாறில் விழுந்தார். விழுந்த மனிதர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அவளும் அன்று ஒருமுறை, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் நறுக்கவில்லை.

மூன்று தடவை முப்பது வர இன்னும் பத்து நாள் ஆயிற்று. பிசியோ தன் கடிகாரத்தில் ஒருமுறை, கைப்பேசியில் ஒருமுறை பார்த்தாள். அப்புறமும் உடனே விடவில்லை. பயிற்சி அறையிலேயே ஒரு சின்ன ஏணியைப் போட்டு, அண்ணாந்து பார்க்கச் சொல்லி, நடுவில் பேச்சுக் கொடுத்து, தோளில் லேசாகத் தட்டி, எல்லாம் பார்த்த பிறகுதான் சரி என்றாள்.

நூலகத்தில் மேல் வேலையை மகன் அதுவரை நிறுத்தியே வைத்திருந்தான். அங்கே நானும் போனேன். வாசகர் என்ற உரிமையில், விரித்த துணிக்கு அந்தப் பக்கம் ஒரு மேசையில், ஒரு புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகன் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தான். மருமகன் மெல்லிய அடியுள்ள துணிக் காலணி போட்டிருந்தார், படி காலில் உறைக்க வேண்டுமாம். முதல் படியில் இடது காலை வைத்துச் சற்று நின்றார். ஏறினார். ஏழாம் படியில் தலையை அண்ணாந்தார். பிரஷ் விளிம்பில் பட்டது. அறையில் யாரோ பக்கம் திருப்பினார்கள். கோடு ஒரு முழம் போயிற்று, இரண்டு முழம் போயிற்று. ஓடை மாதிரி வளைந்த பழைய கோடு அதன் கீழே மறைந்தது.

பிறகு நடந்ததை அந்த அறையில் படித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் இன்றும் சொல்வார்கள். என் மருமகன் ஏணியை நடத்தினார். ஒரு வெட்டு, ஒரு கோடு, ஒரு வெட்டு, ஒரு கோடு. நான்கு சுவரையும் சுற்றி, ஒருமுறைகூட இறங்காமல், ஒரே மூச்சில் முடித்தார். நூலகர் அம்மாவே பதிவேட்டை மூடிவிட்டு எழுந்து நின்றார்.

இதுவரை எழுதியதை இங்கே உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீரை நிறுத்தினார்.

"இல்ல அத்தை, நடத்தல. ஒரு சுவர்தான் அன்னிக்கு முடிஞ்சுது. அதுக்கே ஒன்பது தடவ இறங்கி, ஏணிய நகத்தி, மறுபடி ஏறினேன். எட்டு தடவ கடைசிப் படியில கீழ பாத்துதான் கால வச்சேன். ஒன்பதாவது தடவ பாக்கல. அத வேணா எழுதுங்க."